லிங்கப்பனுக்கு ஒரு வெளிச்சம்

மைசூரில் போட்டோகிராபர் முனிராஜைத் தெரிந்தவர்கள் அவரைப் பற்றி முதலில் சொல்வது ஒன்றைத்தான். மனிதர் பிளாஷ் போடமாட்டார். கல்யாண மண்டபமோ, நாடக மேடையோ, இருட்டுச் சமையல்கட்டோ, எங்கே கூப்பிட்டாலும் ஜன்னலைத் திறக்கச் சொல்லி, இருக்கிற வெளிச்சத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார். முப்பது வருஷத்துக்கு மேலாக இப்படித்தான். இதைப் பெரிய கலைக்கொள்கை என்று நினைத்துக்கொண்டு ஒரு கன்னடப் பத்திரிகை இரண்டு பக்கம் கட்டுரை எழுதியது. பேட்டியில் காரணம் கேட்டார்கள். "அப்படியே பழகிப்போச்சு" என்றார். அதையும் அடக்கம் என்று புகழ்ந்து எழுதினார்கள். பத்திரிகைக்காரர்களுக்கு எல்லாமே அடக்கம்தான்.

காரணத்துக்கு ஒரு பெயர் இருந்தது. லிங்கப்பன். அந்தப் பெயரை முனிராஜ் யாரிடமும் சொன்னதில்லை. போன தை மாதம் ஒரு பெண் போனில் அதைச் சொன்னாள்.

"சார், நான் லிங்கப்பனோட பொண்ணுங்க, மீனா. சாமராஜநகர்ல கலெக்டர் ஆபீஸ்ல வேலை செய்யறேனுங்க. பாதாமி கிளப் போட்டோ கண்காட்சின்னு வாட்ஸப்ல பாத்தேன், உங்க பேரு இருந்துச்சு. எங்கப்பாவ நீங்க அம்பது போட்டோவுக்கு மேல எடுத்திருக்கீங்கன்னு அம்மா சொல்லிட்டே இருக்குமுங்க. அவரு போறப்ப எனக்கு ஒம்பது மாசம். அவரு மூஞ்சிய நான் பாத்ததே இல்லீங்க சார். ஒண்ணே ஒண்ணு கிடைச்சாப் போதும்."

முனிராஜ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"சக்கரையில ரெண்டு கண்ணும் போயிருச்சுங்க. ஹனூர்ல மாமா வீட்டுல இருக்குது. 'எனக்குத்தான் கொடுத்து வைக்கல, நீயாச்சும் போய்ப் பாரு'ன்னு சொல்லுது."

"ஞாயித்துக்கிழமை வாம்மா. எடுத்து வைக்கறேன்" என்றார் முனிராஜ். போனை வைத்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கு உறைத்தது. முப்பத்துமூன்று வருஷத்துக்கு முன்பும் இதே வார்த்தையைத்தான் அவர் சொன்னார், இந்தப் பெண்ணின் அம்மாவிடம்.

முனிராஜ் கொள்ளேகால் பக்கத்துக் கரும்புக்காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. அண்ணன்மார் இருவரும் காட்டைப் பார்த்துக்கொள்ள, இருபது வயதில் இவர் மைசூருக்கு வந்து அக்ரஹாரத்தில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். ஸ்டூடியோவுக்கு எதிர்ச் சந்தில்தான் அந்தக் காபி கிளப். வாசலில் ஒரு வாதாம் மரம், கன்னடத்தில் பாதாமி, நின்றதால் எல்லோருக்கும் அது பாதாமி கிளப். முதலாளி குப்புசாமி சேலத்துக்காரர். யாரையும் எழுப்பிவிட மாட்டார். ஒரு பை-டூ காபியை வாங்கி, இரண்டு பேர் ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் உலகத்தைத் திருத்தலாம்.

திருத்தினார்கள். மூன்றாம் நம்பர் மேஜை அவர்களுடையது. நாடகக்காரர்கள், வேலை கிடைக்காத கவிஞர்கள், ஒரு சரித்திர லெக்சரர், சிற்பம் படிக்கிற மாணவர்கள், நடுநாயகமாக ஆண்டாள். மேல்கோட்டை வழி வந்த வைஷ்ணவக் குடும்பத்துப் பெண். ஓவியம் வரைவாள், கல்யாணம் வேண்டாம் என்று வீட்டை விட்டு வந்தவள், எல்லோர் முன்னாலும் சிகரெட் பிடிப்பாள். தமிழும் கன்னடமும் இங்கிலீஷும் ஒரே வாக்கியத்தில் உருளும். அந்த மேஜைக்கு முனிராஜ் ஒரு செல்லப்பிள்ளை. ஸ்டூடியோ கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு சாயங்காலம் வந்துவிடுவார், அவர்கள் பேசுவதையும் சண்டை போடுவதையும் எடுப்பார். ஊரில் கரும்பு வெட்டியிருக்க வேண்டிய கை, இங்கே கலைஞன் கை ஆகிவிட்டது. அந்த மிதப்பு அவருக்கு நன்றாகவே ஏறியிருந்தது.

லிங்கப்பன் அங்கே வந்தது சுவர் பூச. ஹனூர் பக்கத்து ஆள், கொத்தனார். நாலு நாள் வேலை முடிந்து ஐந்தாம் நாள் சாயங்காலம் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, காபி குடிக்க வந்தான். பிறகு தினமும் வந்தான். மூன்றாம் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வான். அவர்கள் பேசுவதில் பாதி அவனுக்குப் புரியாது. ஆனால் யாராவது நன்றாகப் பேசிவிட்டால் அவன் முகம்தான் முதலில் மலரும் என்று ஆண்டாள் பிற்பாடு சொன்னாள். பை-டூவுக்குத் துணை இல்லாதவனுக்கு அவன்தான் துணை. குடும்பம் ஹனூரில், இவன் மட்டும் வேலையிடத்துக் கொட்டகையில். மைசூரில் அவனுக்கென்று இருந்த இடம் அந்த ஒரு நாற்காலிதான்.

அவனுக்கு ஒரே ஓர் ஆசை. "முனியண்ணா, என்னையும் ஒண்ணு எடுங்கண்ணா" என்பான். முதல் தடவை வேடிக்கையாக இருந்தது. பத்தாவது தடவை தொந்தரவாக இருந்தது.

பிலிம் காலத்தில் கல்யாண வீட்டுப் போட்டோகிராபர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வித்தை உண்டு. என்னை எடு, என்னை எடு என்று பிய்த்து எடுக்கிற சொந்தக்காரர்களுக்காகவே வைத்திருந்தது. பிளாஷ் கன்னின் முதுகில் சோதனைக்கென்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். கேமராவை முகத்துக்கு நேரே தூக்கி, கட்டைவிரலால் அதை அழுத்தினால் போதும். பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும். ஷட்டர் திறக்காது, பிலிமில் ஒன்றும் விழாது. நின்றவர் திருப்தியாகப் போய்விடுவார். ஒரு மாலை முனிராஜ் லிங்கப்பனுக்கு அந்த வெறும் பிளாஷைப் போட்டார். லிங்கப்பன் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தான். அவன் போன பிறகு மேஜைக்கு விஷயத்தைச் சொன்னார். மேஜை விழுந்து விழுந்து சிரித்தது.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பேச்சு சலித்துப்போன சாயங்காலங்களில் யாராவது ஒருவர், "லிங்கப்பனுக்கு ஒரு வெளிச்சம் போடப்பா" என்பார். லிங்கப்பன் உடனே எழுந்துவிடுவான். டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்துத் தலையைப் படிய வாரிக்கொள்வான். கழுத்துப் பொத்தானைப் போடுவான். பாதாமி மரத்தடிக்குப் போய் நிமிர்ந்து நின்று மூச்சைப் பிடித்துக்கொள்வான். வெளிச்சம் அடித்த பிறகுதான் மூச்சை விடுவான். ஐந்து வருஷத்தில் ஐம்பது தடவைக்குக் குறையாது. அவ்வளவு படித்தவர்கள், மனிதனின் கண்ணியத்தைப் பற்றி விடிய விடியப் பேசக்கூடியவர்கள், ஒருவர்கூட போதும் என்று சொல்லவில்லை. முனிராஜும் சொல்லவில்லை. சிரித்தால் தன்னையும் அந்த மேஜையில் ஒருவனாக வைத்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"போட்டோவெல்லாம் கழுவியாச்சாங்ண்ணா?" என்று லிங்கப்பன் ஒரு தடவை கேட்டான்.

"எல்லாத்தையும் சேத்து ஆல்பமாப் போட்டுத் தர்றேன் இரு" என்றார் முனிராஜ்.

அவன் அதை அப்படியே நம்பினான். ஊருக்குப் போய் மனைவி மாதம்மாவிடமும் சொன்னான். மாரியம்மன் திருவிழாவில் திரைச்சீலை கட்டி போட்டோ எடுக்கிறவன் வந்தபோது, ஜோடியாக நின்று ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்று மாதம்மா கூப்பிட்டாளாம். "எதுக்கு புள்ளை வீண் வேலை? மைசூர்ல எங்கண்ணன்கிட்ட என் ஆல்பமே இருக்குது" என்றானாம். கல்யாணத்திலும் அவர்களுக்குப் போட்டோ இல்லை.

தொண்ணூற்றொன்றில், விஜயநகரில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம், ஒரு மாடிச் சாரம் சரிந்து லிங்கப்பன் கீழே விழுந்து செத்துப்போனான். மூன்றாம் மேஜைக்கு அது பன்னிரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. இத்தனை நாளாக நாற்காலி காலியாக இருந்ததையே யாரும் கவனிக்கவில்லை. லிங்கப்பனின் மைத்துனன் ஸ்டூடியோவுக்கு வந்து, பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு படம் வேண்டும் என்றான்.  "நெகட்டிவ் தேடணும், ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றார் முனிராஜ். இரண்டு நாள் கழித்தும் அதையே சொன்னார். மூன்றாவது தடவை மாதம்மாவே வந்தாள், இடுப்பில் கைக்குழந்தையோடு. ஸ்டூடியோ வாசலில் நின்று, "அவரு உங்களப் பத்தித்தானுங்க எப்பவும் பேசுவாரு" என்றாள். "ஞாயித்துக்கிழமை வாங்கம்மா, எடுத்து வைக்கறேன்" என்று அனுப்பிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவைப் பூட்டிக்கொண்டு கொள்ளேகாலுக்குப் போய்விட்டார். அவள் பிறகு வரவில்லை.

அடுத்த மாதம் நஞ்சன்கூட்டில் ஒரு கல்யாணம். தாலி கட்டும்போது முனிராஜ் பிளாஷ் போட்டார். வெளிச்சம் அடித்த அடுத்த கணம் கண்ணுக்குள் வெள்ளைத் திட்டு ஒன்று நிற்குமல்லவா, அந்தத் திட்டுக்குள் மணமக்கள் இல்லை. கழுத்துப் பொத்தானைப் போட்ட ஓர் ஆள், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். முனிராஜ் கண்ணைக் கசக்கினார். அவன் போகவில்லை. மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி பிளாஷ் போட்டார். மறுபடியும் நின்றான், இன்னும் கொஞ்சம் பொறுமையாக. அன்றோடு முனிராஜ் பிளாஷ் கன்னைக் கழற்றிப் பெட்டியில் போட்டார். ஊர் அதைக் கலை என்றது.

வருஷங்கள் ஓடின. சொந்த ஸ்டூடியோ, கல்யாணம், பெங்களூரில் வேலைக்குப் போன மகன், எல்லாம் ஆயிற்று. மனைவி விருப்பப்பட்டாள் என்று விஜயநகரிலேயே வீடு வாங்கினார். எந்த வீட்டுச் சாரம் சரிந்தது என்று அவர் விசாரிக்கவே இல்லை. விசாரிக்காததால் இப்போது தெருவில் பழைய மாடி வீடு எதைப் பார்த்தாலும் அதுவாக இருக்குமோ என்று தோன்றுகிறது. காலை நடைக்குப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டே போவார். மனைவி போன பிறகு அந்த நடையையும் விட்டுவிட்டார்.

பாதாமி கிளப்பை இடித்து மூன்று வருஷம் ஆகிறது. மரமும் போயிற்று. எழுபத்திரண்டு வயது ஆண்டாள்தான் பழைய ஆட்களை வாட்ஸப்பில் திரட்டி, முனிராஜின் படங்களை ஒரு கண்காட்சியாக வைக்கலாம் என்று கிளப்பிவிட்டாள். முந்நூறு ரோல் நெகட்டிவை முனிராஜ் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். செத்துப்போனவர்கள் எல்லோரும் திரையில் வந்து சிகரெட் பற்றவைத்தார்கள். அவர்களைப் பார்க்க அவருக்குப் பயமில்லை. யாரும் இல்லாத ஓரங்களைப் பார்க்கத்தான் பயம்.

மீனா போன் செய்த பிறகு நாலு நாள் அந்த ஓரங்களையே தேடினார். ஒரு படத்தில் நாற்காலி முதுகில் துண்டு கிடந்தது. ஒன்றில் பாதி தோள். ஒன்றில் சிமெண்டு கடித்த விரல்கள், பை-டூ டம்ளரைப் பிடித்தபடி. ஒன்றில் சுவரில் விழுந்த நிழல், பக்கத்தில் ஆள் இல்லை. ஒவ்வொரு படத்திலும் லிங்கப்பன் இருந்தான், சட்டத்துக்கு ஓர் அங்குலம் வெளியே. படம் எடுத்தவர் அவ்வளவு கச்சிதமாக அவனை ஒதுக்கியிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு படம் அகப்பட்டது. மரத்தடியில் ஓர் ஆள், கழுத்துப் பொத்தான் போட்டு, கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு. முனிராஜ் திரைக்கு இன்னும் அருகே குனிந்தார். பெரிதாக்கிப் பார்த்தார். லிங்கப்பன் இல்லை. கிளப்புக்குப் பால் ஊற்றிய ஆள். அதே வயசு, அதே உடம்பு. அவர் அதை ஒரு முழு அளவுப் பிரிண்ட் போட்டு, பழுப்புக் கவரில் வைத்துவிட்டு, ஆண்டாளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார்.

 "குடுத்துடுடா முனி" என்றாள் ஆண்டாள். "அவளுக்கு வேண்டியது ஒரு மூஞ்சி. அம்மாக்காரிக்கோ கண்ணு இல்லே. யாருக்கு என்ன நஷ்டம்? நாம பண்ணின பாவம் நம்மளோட போகட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மீனா வந்தாள். முப்பத்துநாலு வயது, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். முனிராஜ் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே உட்காரச் சொன்னார். காபி கலந்து வைத்தார். அவள் காபியைத் தொடவில்லை.

"வீட்டுல அமாவாசைக்கு எல்லாரும் போட்டோவுக்கு மாலை போடுவாங்க, நாங்க அப்பாவோட கொத்துக் கரண்டிக்குப் போடுவோமுங்க" என்று சிரித்தாள். "சின்ன வயசுல, எங்கப்பா மூஞ்சி கரண்டி மாதிரி இருக்கும்னு நெனச்சிட்டு இருந்தேன்."

முனிராஜ் பழுப்புக் கவரை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உடனே எடுக்கவில்லை. எழுந்துபோய்க் கைகால் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துத் திறந்து வைத்தாள். பிறகு போனை எடுத்து ஹனூருக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அம்மா, படம் கையில இருக்குது. பாக்கப் போறேன்."

"பாரு கண்ணு, பாரு" என்றது அந்தக் குரல். முனிராஜ் அதைக் கடைசியாகக் கேட்டது ஸ்டூடியோ வாசலில். "பாத்து எனக்கும் சொல்லு."

மீனாவின் விரல் கவருக்குள் போனது. முனிராஜ் மேஜையின் மேல் சாய்ந்து கவரைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்மா. அது உங்கப்பா இல்ல."

அவள் அவரைப் பார்த்தாள். "அப்பறம் கூப்பிடறேம்மா" என்று போனை வைத்தாள்.

முனிராஜ் எல்லாவற்றையும் சொன்னார். பொத்தானை, மேஜையை, சிரிப்பை, ஞாயிற்றுக்கிழமையை. எதையும் மழுப்பவில்லை. நடுவில் அழுகை வந்தது, அவள் தேற்றவில்லை, நியாயம்தான். சொல்லி முடித்ததும் தெருவில் காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போவது கேட்டது.

"சரிங்க சார்" என்றாள் மீனா. குரல் மாறவில்லை. "படம் இல்லாட்டிப் போவுது. அம்பது தடவை எங்கப்பா உங்க முன்னால நின்னிருக்காரு. அம்மா சொல்லுறது எனக்கு மனப்பாடம். அது பொண்டாட்டி சொல்றது. நீங்க வேத்தாளு, படம் புடிக்கறவரு. எப்படி இருந்தாருன்னு நீங்க சொல்லுங்க. மூக்கு எப்படி, கண்ணு எப்படி. நான் கண்ண மூடிக்கறேன்."

அவள் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டாள்.

முனிராஜ் தொடங்கினார். தண்ணீர் தொட்டுத் தலை வாருவதைச் சொன்னார். கழுத்துப் பொத்தானைச் சொன்னார். நிமிர்ந்து நிற்பதை, மூச்சுப் பிடிப்பதைச் சொன்னார். "முகம்?" என்றாள் மீனா. முனிராஜ் தேடினார். நஞ்சன்கூட்டுக் கல்யாணத்தில், அதன் பிறகு கனவுகளில், முப்பத்துமூன்று வருஷம் கண்ணெதிரே வந்து நின்றவனைத் தேடினார். சட்டை இருந்தது, கழுத்து இருந்தது, அதற்கு மேலே வெறும் வெள்ளை. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. லிங்கப்பன் முகத்தை ஒரு தடவைகூட அவர் நின்று பார்த்ததில்லை. கேமராவை முகத்துக்கு நேரே தூக்கியதும், சிரிப்பை அடக்க முடியாமல், அதன் பின்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். ஐம்பது தடவையும்.

"தெரியலம்மா" என்றார்.

மீனா கண்ணைத் திறந்தாள்.  அப்போதுதான் முனிராஜ் முதல்முறையாக அவளை நன்றாகப் பார்த்தார். அகன்ற நெற்றி, கொஞ்சம் தூக்கலான மேலுதடு. இதில் எது அவனுடையது என்று சொல்லக்கூட அவருக்கு வழியில்லை. அலமாரியிலிருந்து கேமராவை எடுத்தார். 

"உன் முகத்துல அவன் இருப்பாம்மா. ஒண்ணு எடுத்துக் குடுக்கறேன். அம்மாவுக்கு இல்லாட்டியும் உனக்கு..."

"வேண்டாங்க சார்" என்றாள் அவள். கோபமே இல்லை, அதுதான் அவரைக் கொன்றது. "எடுத்தா, படம் விழுந்துதா இல்லையான்னு கேமராவத் திருப்பிக் காட்டச் சொல்லிக் கேக்கணும். எங்கப்பா அப்படிக் கேக்கல. எனக்கும் கேக்க வாய் வரல."

போன் அடித்தது. ஹனூர். அவள் எடுத்தாள், ஸ்பீக்கரை அணைக்கவில்லை.

"பாத்தியா கண்ணு?"

"பாத்துட்டேம்மா." மீனாவின் பார்வை வெறும் மேஜையின் மேல் இருந்தது. "மரத்தடியில நிக்கறாரு. தலையத் தண்ணி தொட்டு வாரியிருக்காரு. கழுத்துப் பொத்தான் போட்டிருக்காரு. நல்லா நிமிந்து, மூச்சப் புடிச்சிட்டு நிக்கறாரு."

"அவரேதான்" என்றது குரல், உடைந்துகொண்டே. "அவரேதான் கண்ணு. அப்படித்தான் நிப்பாரு. அந்தண்ணன் அங்க இருக்காரா? இத்தன வருசம் பத்திரமா வெச்சிருந்தாரே, அவருக்கு நான் கும்புட்டேன்னு சொல்லு."